வார்டரைப் பூட்டிய படம்

சிரிக்கறதுன்னா நல்லாச் சிரிச்சு முடிச்சுப்போடுங்க தம்பி, பொறவு பேசலாம். பஸ்ஸு கோயமுத்தூர் போய்ச் சேர இன்னும் நெம்ப நேரம் கெடக்குது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க.

ஆமாங்க, நாந்தான். ‘கம்பி எண்ணிய காதலன்’ டாக்கிப் படத்துல வர்ற வார்டரு நாந்தான். பேரு பொங்கியண்ணன். தாராபுரத்துல ஏறுறப்பவே முன்னாடி சீட்டுல ஒரு பொம்பள என்னயப் பாத்துப்போட்டு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. கண்டக்டரு சலாம் அடிச்சான். அடிக்கட்டும், அது முறை. ஆனா அடிச்சுப்போட்டுச் சிரிக்கறான் பாருங்க, அது என்ன முறை?

நீங்க படிச்ச ஆளாட்டம் இருக்கறீங்க. உங்ககிட்டச் சொன்னா நாயம் புரியும். இப்ப அந்தப் படக் கம்பெனிக்குத்தான் போயிட்டிருக்கறேன். எதுக்குன்னு பொறவு சொல்றேன். மொதல்ல அவிய எனக்குப் பண்ணின அநியாயத்தக் கேளுங்க.

நான் நடிகன் இல்லீங்க. நெசமான வார்டரு. ஜெயில்ல முப்பது வருசத்துக்குப் பக்கம் வேல பாத்துப்போட்டு, ரிடையராகி தாராபுரத்துல வந்து உக்காந்தவன். என்ற காவல்ல இருந்து ஒருத்தன் தப்பிச்சான்னு ஒரு பேச்சுக் கெடையாது. ஏன்னு கேளுங்க. நான் சத்தத்துக்கு எடங்குடுக்க மாட்டேன். எங்க சத்தம் வருதோ அங்க என்னமோ நடக்குதுன்னு அர்த்தம். அதுலயும் சிரிப்புச் சத்தம் வந்துச்சுன்னா, சந்தேகமே வேண்டாம், நடந்து முடிஞ்சே போச்சு.

ஊட்டுலயும் அதே முறைதானுங்க. நான் வெளிய கெளம்பினா வாசக்கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்குவேன். திருட்டுப் பயமுங்க, வேறென்ன. என்ற ஊட்டுக்காரி பாவாத்தா உள்ள இருப்பா. அவளுக்கும் பத்தரம், ஊட்டுக்கும் பத்தரம். அதுக்காக ஒரு நாளு அவ மூஞ்சியத் தூக்கினான்னு சொல்ல முடியாது. அத்தன அடக்கம். கண்ணாலமாகி இத்தன வருசத்துல அவ வாய்விட்டுச் சிரிச்சு நான் கேட்டதில்லீங்க. ஒறம்பறைச் சனம் வந்தாச் சொல்லுவாங்க, பொங்கியண்ணன் ஊட்டுல ஆளிருக்குதான்னே தெரியாதுன்னு. அதுல எனக்கு நெம்பப் பெருமை.

இப்பிடி இருக்கறப்பத்தான் கம்பெனி மேனேசரு கோதண்டம்னு ஒருத்தன் வந்தான். “ஐயா, நாங்க ஜெயில் படம் ஒண்ணு புடிக்கறோம். எங்கள்ல ஒருத்தனும் ஜெயிலுக்குள்ள போனதில்ல. நீங்க வந்து எல்லாம் முறைப்படி இருக்குதான்னு பாக்கோணும்”னான். முறைன்னு ஒரு வார்த்த சொன்னானுங்க, அதுல உழுந்துட்டேன். பாவாத்தாள அவ அண்ணன் ஊட்டுல உட்டுப்போட்டுக் கெளம்பிட்டேன்.

போய்ப் பாத்தா ஒரு தகரக் கொட்டாயி. அதுக்குள்ள ஜெயிலு. செவரெல்லாம் துணி. கம்பியெல்லாம் மூங்கிலு, மேல கருப்புப் பெயிண்டு. தடியால ஒரு தட்டுத் தட்டினேன், ‘தொப்பு’ன்னுச்சு. “இதுல எந்தக் கைதி இருப்பான்? சாஞ்சு உக்காந்தா செவரோட வெளிய போயிருவான்”னேன். நான் போட்ட சத்தத்துல ஒரு அறைக்கு மட்டும் நெசமான இரும்புக் கம்பி, நெசமான பூட்டு, எல்லாம் போட்டுக் குடுத்தாங்க. அந்தப் புத்தி எனக்கு எதுக்கு வந்துச்சோ, போங்க.

டைரக்டரு கல்கத்தாக்காரரு, கோஷால் பாபுன்னு பேரு. தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது. எல்லாத்தையும் கண்ணாலயே பாத்துத் தலையாட்டுவாரு. கதாநாயகன் வேதமூர்த்தி பாகவதரு. நாடகத்துல ராஜபார்ட்டு. செய்யாத குத்தத்துக்கு ஜெயிலுக்கு வந்த காதலன் அவருதான். எந்தக் கைதிக்கும் மொத நாளு சோறு எறங்காது, நான் பாத்திருக்கறேன். இந்த மனுசன் உள்ள வந்த ஒடனே பாட ஆரம்பிச்சாரு. தறி நெய்யறப்பப் பாட்டு. கல்லு ஒடைக்கறப்பப் பாட்டு. கஞ்சி ஊத்துனா கஞ்சி மேல ஒரு பாட்டு.

இந்த டாக்கியில ஒரு சங்கடம் என்னன்னா, படத்தையும் சத்தத்தையும் ஒண்ணாவே புடிக்கறாங்க. பொறவு பிரிக்க முடியாதாம். காக்கா கத்தினா காக்காயும் படத்துல வந்துரும். காக்கா முடுக்கறதுக்குன்னே ரெண்டு ஆளுக்குச் சம்பளம். பாட்டுக்குப் பக்கவாத்தியமும் அங்கயே வாசிக்கோணும். வாசிக்கறவன எங்க ஒளிச்சு வெக்கறது? ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் கைதிச் சட்டயப் போட்டு அடுத்த அறையில உக்கார வெச்சுட்டாங்க. “ஜெயிலுக்குள்ள ஆர்மோனியம் எப்பிடிங்க வரும்? சோதனை போட்டுத்தான உள்ள உடுவோம்?”னு கேட்டேன். கோதண்டம், “அது தெரியாதுங்க ஐயா, இருட்டுல இருக்கும்”ங்கறான். இருட்டுல இருந்தா முறை ஆகிப்போகுமா?

எனக்கு ஒரு வேலதான் குடுத்திருந்தாங்க. யூனிபாரம் போட்டுக்கிட்டு அறைக்கு முன்னால இப்பிடியும் அப்பிடியும் நடக்கோணும். பேசக்கூடாது. அவ்வளவுதான். சரின்னு நடந்தேன். நடக்கறப்பப் பாக்கறேன், கைதியோட தண்ணிப் பானைக்குள்ள இருந்து ஒரு கருப்பு ஒயரு வெளிய வருது. விட முடியுங்களா? கதவத் தொறந்து உள்ள போயி, பானைக்குள்ள கைய உட்டு இழுத்தேன். பெரிய உருண்டையா என்னமோ இரும்புச் சாமான். “எவன்டா இத உள்ள கொண்டாந்தது?”ன்னு கேட்டேன். கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருந்த சவுண்டு இஞ்சினீயரு ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு “ஐயோ என்ற மைக்கு”ன்னு வெளிய ஓடியாறாரு. மைக்குன்னா மொதல்லயே சொல்லியிருக்கோணும். ஒளிச்சு வெச்சாச் சந்தேகம் வருமா வராதா?

அந்தக் காட்சியத் திரும்பப் புடிச்சாங்க. பாகவதரு நெலாவப் பாத்து ஒரு பாட்டு எடுத்தாரு. ஜெயில் அறையில நெலா எங்க தெரியும்? அதையும் பொறுத்துக்கிட்டேன். பல்லவி போச்சு, அனுபல்லவி போச்சு, சரணத்துல சங்கதி மேல சங்கதி. நான் நடந்து நடந்து காலு நோவுது. அது என்ன ஆச்சோ தெரியலீங்க, முப்பது வருசத்துப் பழக்கம். தடிய எடுத்துக் கம்பியில ஒரே போடு. “ஏய் நூத்திப் பதினேழு! என்ன சத்தம்? இதென்ன மாமியா ஊடா?”

பாகவதரு வாயத் தொறந்தது தொறந்தபடி உக்காந்திருந்தாரு. பொறவு என்ன நெனச்சாரோ, நெசமாவே பயந்து போயி, எந்திரிச்சு, கையக் கட்டிக்கிட்டு, தலையக் குனிஞ்சுட்டாரு. அடுத்த அறையில ஆர்மோனியம் மட்டும் பாவம், மெதுவா ‘ஙொய்ங்’ன்னு நின்னுச்சு.

எனக்கு வெக்கமாப் போச்சு. பிலிமு வீணாப் போச்சேன்னு திரும்பிப் பாத்தா, கோஷால் பாபு வாயில கைக்குட்டய அடைச்சுக்கிட்டு ஒடம்பு குலுங்கக் குலுங்க நிக்கறாரு. அவருக்கு என்னமோ வலிப்புன்னுதான் நெனச்சேன். கேமராவ நிறுத்தச் சொல்லவே இல்லீங்க. அன்னையில இருந்து எந்தப் பாட்டு எடுத்தாலும் என்னயப் பாத்துக் கண்ணக் காட்டுவாரு. நான் போயி நிறுத்திப்போடுவேன். ஒரு கல்கத்தாக்காரருக்கு நம்ம ஜெயில் சட்டம் எத்தன சுலுவாப் புரிஞ்சுபோச்சு பாருங்க! பாகவதருக்குத்தான் கடைசி வரைக்கும் புரியல. எம்மேல கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாளு சாப்புட வரல.

சிரிக்காதீங்க தம்பி, இனித்தான் அநியாயம் வருது. பல்லடம் வந்துருச்சு போல. எறங்கறவங்க எறங்கட்டும், நீங்க இப்பிடி நகந்து உக்காருங்க.

ஜெயில்ல ஒரு முறை இருக்குதுங்க. தெனமும் அறைக்குள்ள போயி கம்பியத் தடியால தட்டிப் பாக்கோணும். எவனாச்சும் அரத்துல அறுத்திருந்தா நாதம் மாறும், காதுலயே கண்டுபுடிச்சிரலாம். அப்பிடி உள்ள போறப்பச் சாவியோட போகக்கூடாது. கைதி புடுங்கிக்குவான். வெளிய நிக்கற தொணை வார்டரு கையில சாவியக் குடுத்துப்போட்டுத்தான் போகோணும். இது சட்டம்.

கடைசி நாளு. படத்துல பாகவதருக்கு விடுதலை ஆயிப்போச்சு. பாடிக்கிட்டே வெளிய போறாரு. போகட்டும், விடுதலை ஆனவன் பாடினா எனக்கென்ன. அறை காலியாச்சா, கம்பி தட்டோணுமில்ல? தொணை வார்டரா நின்ன நடிகன் கையில முறைப்படி சாவியக் குடுத்துப்போட்டு உள்ள போயி, ஒவ்வொரு கம்பியாத் தட்டிக்கிட்டு வர்றேன். பின்னால ‘டொக்’குன்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா கதவு பூட்டியிருக்குது. கம்பிக்கு வெளிய கைதிங்க அத்தன பேரும் நிக்கறாங்க. ஆர்மோனியக்காரரு ஆர்மோனியத்தோட வந்து நிக்கறாரு. பாகவதரு முன்னால வந்து, அந்த நெலாப் பாட்ட விட்ட எடத்துல இருந்து எடுத்து, சாவகாசமாப் பாடி முடிக்கறாரு!

“சாவி! என்ற சாவி! டேய், சட்டம்டா!”ன்னு நான் கத்தறேன். தொப்பி உழுந்துருச்சு. கம்பியப் புடிச்சு உலுக்கறேன், நெச இரும்பு, அசைய மாட்டேங்குது. பிலிமு தீர்ற வரைக்கும் கேமராவ ஓட உட்டுக்கிட்டே இருந்தாரு கோஷால் பாபு. எங்கிட்ட ஒருத்தன் ஒரு வார்த்த முன்னாடி சொல்லல.

அநியாயம் எதுன்னு கேக்கறீங்களா? பூட்டினது இல்லீங்க. நான் முறைப்படி சாவியக் குடுத்தேனே, அது படத்துல தெளிவாத் தெரியல. பாக்கறவன் என்ன நெனைப்பான்? பொங்கியண்ணன் சாவியத் தொலைச்சவன்னு நெனைப்பானா மாட்டானா? முப்பது வருசத்துப் பேரு, ஒரு நிமிசத்துல போச்சு.

படம் தாராபுரத்துக் கொட்டாயிக்கு வந்துச்சு. “நானும் வரட்டுங்களா?”ன்னு பாவாத்தா கேட்டா. அவ வாய்விட்டு ஒண்ணக் கேட்டது அதுதான் மொதல் தடவ. என்ற படந்தானன்னு மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம், நடுவுல ஓலைத் தட்டி. அவ அந்தப் பக்கம் போயிட்டா.

மொதல்லயே பேரு போடறாங்க: ‘ஹாஸ்யம் – வார்டர் பொங்கியண்ணன்’. ஹாஸ்யமாம்! ஒரு வார்த்த நான் வேடிக்கையாப் பேசியிருக்கறனான்னு நீங்களே சொல்லுங்க.

பாகவதரு பாட ஆரம்பிச்சாருன்னா சனம் பீடி குடிக்க வெளிய போகுது. நான் தடியத் தட்டினேன் பாருங்க, வெளிய போனவன் அத்தன பேரும் உள்ள ஓடியாறான். கைதட்டு என்ன, விசிலு என்ன! நம்ம சனங்களுக்கு ஒழுங்கு மேல இத்தன பிரியம்னு எனக்கு அன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது.

ஆனா சிரிப்பும் இருந்துச்சு, நான் இல்லேங்கல. அதுலயும் பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு சிரிப்பு. அடுக்குப் பானை சரிஞ்சாப்பல கடகடன்னு. எல்லாரும் சிரிச்சு ஓஞ்ச பொறவும் அது ஓயாது. என்னயப் பூட்டின காட்சியில பாக்கோணுமே, கொட்டாயே அடங்கிருச்சு, அந்தச் சிரிப்பு மட்டும் மேல மேல ஏறிக்கிட்டுப் போகுது. எவடா இவ, இவளுக்குப் புருசன்னு ஒருத்தன் இருக்கறானா, ஊட்டுல கேக்கறதுக்கு ஆளில்லயான்னு எனக்குக் கோவமா வந்துச்சு.

படம் உட்டு நடந்து வர்றோம். நான் முன்னால, அவ பின்னால. வாய்க்கா மதகுகிட்ட வர்றப்பப் பின்னால அதே கடகட. திரும்பினேன். பாவாத்தா நின்னுட்டிருக்கறா. “என்ன சத்தம்?”னு வாய் தன்னால கேட்டுருச்சு. அவ்வளவுதான். அந்த மதகு மேலயே உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி கொட்டுது, வயித்தப் புடிச்சுக்கிட்டா, போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான், அவளால நிறுத்த முடியல.

நானும் அங்கயே நின்னுட்டேனுங்க. கோவம்னு சொல்ல முடியாது. முப்பது வருசமா ஒரே ஊட்டுல இருந்திருக்கறோம், அந்தச் சிரிப்பு யாருதுன்னு எனக்குத் தெரியல பாருங்க. அதுதான்.

பொறவு படம் ஓடின வரைக்கும் அவ ஒரு மத்தியானத்த உடல. ஊட்டுல உட்டுப் பூட்டிப்போடலாம்னா, நானும் கூடத்தான போறேன்? கொட்டாய்க்காரன் என்ற காட்சிய வெட்டிக்கிட்டிப் போட்டான்னா? அதப் பாக்கத்தான் போனேன். தட்டிய ஒட்டி ஒரு பெஞ்சு இருக்கும், அதுலயே உக்காந்துக்குவேன். அங்க நல்லாக் காத்து வரும்.

ஒரு நாளு படத்தப் பொட்டியில போட்டுத் திருச்சிப் பக்கம் அனுப்பிச்சுட்டாங்க. ஊடு பழையபடி ஆயிப்போச்சு. சத்தமில்ல. நல்லதுதானுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு நாளு சோறு திங்கறப்ப, சும்மாதான், தடிய எடுத்துக் கதவு நெலவுல ஒரு தட்டுத் தட்டி, “ஏய் நூத்திப் பதினேழு! என்ன சத்தம்? இதென்ன மாமியா ஊடா?”ன்னு அச்சு அசலாக் கேட்டேன். அதே தொண்ட, அதே தடி. அவ வெடுக்குன்னு எந்திரிச்சு நின்னுக்கிட்டு, “ஒண்ணுமில்லீங்க, கரண்டி கீழ உழுந்துருச்சு”ன்னா.

கரண்டி உழுகவே இல்லீங்க தம்பி.

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல.

போன வாரம் அந்தக் கோதண்டம் மறுக்கா வந்தான். அடுத்த படம் புடிக்கறாங்களாம். “இந்தத் தடவ படம் பூராவும் நீங்கதாங்க ஐயா, பாட்டுக்காரரே வேண்டாம்னுட்டாரு பாபு”ங்கறான். “என்ற சாவி வெசயத்துக்கு மொதல்ல ஒரு வழி சொல்லு, பொறவு பேசு”ன்னு தொரத்தி உட்டுட்டேன். பாவாத்தா கதவுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டிருந்திருக்கறா.

அன்னைக்கு மத்தியானம். எங்கூட்டுல தானியம் வெக்கற ரூம்பு ஒண்ணு இருக்குது, அதுக்கு ஒரு கம்பி போட்ட சன்னலு. அதத் தெனமும் தட்டிப் பாக்கறது என்ற பழக்கம். உள்ள போறப்பச் சாவிய வெளிய நிக்கற ஆளுகிட்டத்தான குடுக்கோணும்? ஊட்டுல வேற ஆளு யாரு? இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து பாவாத்தாதான் வெளிய நிப்பா. நான் தட்டி முடிச்சு வந்தாச் சாவியத் திருப்பிக் குடுத்துருவா. ஒரு நாளு தவறினதில்ல.

அன்னைக்கு மூணாவது கம்பியத் தட்டறேன், பின்னால ‘டொக்’கு.

“ஏய், தொறடி”ன்னேன். வெளிய இருந்து கரண்டியால கதவுல ஒரு போடு. “ஏய் நூத்திப் பதினேழு! என்ன சத்தம்? இதென்ன மாமியா ஊடா?” என்ற தொண்டயாட்டமே கேக்கறாளுங்க அவ! கேட்டு முடிக்கல, அந்தக் கடகட ஆரம்பிச்சிருச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்துல. நடுவுல தட்டி இல்ல, சனம் இல்ல, பாகவதரு இல்ல. என்ற ஊட்டுல.

“ஏனுங்க, அந்தப் படத்துக்குப் போறேன்னு சொல்றீங்களா? சொன்னாத்தான் தொறப்பேன்”னா. “மாட்டேன்”னேன். சிரிச்சா. சித்த நேரம் கழிச்சுச் சன்னல் பக்கம் சுத்தி வந்து, கம்பி வழியா ஒரு டம்ளர் மோரு நீட்டினா. “இப்ப என்ன சொல்றீங்க?” மாட்டேன்னேன். மோரு அவ கையிலயே தளும்பிச் சிந்துச்சு, அத்தன சிரிப்பு. பக்கத்தூட்டுப் பொன்னாத்தாளக் கூப்புட்டுக் காட்டினா. அந்தப் பொம்பள எதுக்க நின்னு “என்னங்கண்ணா, சாவி எங்கீங்க?”ங்கறா. இதுக்கெல்லாம் எனக்கு எத்தன கோவம் வரோணும்! வந்துருக்கோணும்.

அப்பறம் என்னாச்சா? அதான் போயிட்டிருக்கறனே கம்பெனிக்கு. நடிக்கறேன்னு சொல்லத்தான். சொல்லறப்பவே கண்டிசனாச் சொல்லிப்போடுவேன், ஹாஸ்யம்னு பேரு போடக்கூடாது, வார்டர்னு போடோணும், சாவி குடுக்கறது பளிச்சுன்னு தெரியோணும்னு. ஒழுங்குன்னா என்னன்னு இந்தப் படத்துலயாவது சனம் பாக்கட்டும். எங்கூட்டுச் சாவியா? அது அவகிட்டத்தான் இருக்குது. நான் இன்னும் கேக்கல.

சூலூர் தாண்டிருச்சு, நான் தடிய எடுத்துக்கறேன். ஒண்ணு சொல்றேன், நீங்க யாருகிட்டயும் சொல்லீராதீங்க. பூட்டிப்போட்டு மொதத் தடவ அவ கேட்டப்பவே எனக்குப் படத்துக்குப் போகலாம்னுதான் இருந்துச்சு. சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே கதவத் தொறந்திருப்பா. நான் சொல்லலீங்க தம்பி. ஒவ்வொரு தடவ மாட்டேன்னு சொல்றப்பவும் அவ சிரிச்சா. பொழுது சாயற வரைக்கும் அந்த ரூம்புல தானிய மூட்டை மேல உக்காந்துக்கிட்டு மாட்டேன், மாட்டேன்னே சொல்லிக்கிட்டிருந்தேன்.